திண்டிவனம் கேட்டில் மாறிய கார்

1

இங்கிலாந்தில் சாலைகள் பிரமாதம் என்று ஊருக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் ரயிலில் போகிறவர்கள். நான் பதினோரு வருஷமாகச் சாலையைக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள். என் பேச்சை நம்புங்கள்.

போன சனிக்கிழமை என் தங்கை கஸ்தூரி விமானத்தில் வந்து இறங்கினாள். மேல்படிப்புக்காக வந்திருக்கும் டாக்டர். குடியேற்ற அதிகாரி அவளுடைய சான்றிதழ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டு வேலைக்கா?" என்று கேட்டானாம். மருத்துவப் பட்டம் என்றதும், "எந்த மாதிரி மருத்துவம்?" என்றானாம். "உங்க ஊர்ல எந்த மாதிரி சீக்கு வருதோ அந்த மாதிரி" என்று சொல்லியிருக்கிறாள். இந்த நாட்டுக்குப் பழகிக்கொள்வாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவளை ஏற்றிக்கொண்டு புது நெடுஞ்சாலையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். என் கணவர் ஓட்டினார். ஒன்பது வயது மகள் மாலதி சித்தியின் பக்கத்தில். ஒரே திசையில் மூன்று வரிசை, நடுவில் புல்வெளி, குறுக்கே ஆடு மாடு கிடையாது, சந்து பொந்து கிடையாது. திடீரென்று எல்லாக் காரும் நின்றுவிட்டன. கொஞ்ச நேரம் கழித்து, நின்ற மாதிரியே, காரணம் சொல்லாமல் கிளம்பின.

என் கணவரும் டாக்டர்தான். காரணம் இல்லாமல் காய்ச்சல் வராது என்று நம்புகிறவர். கண்ணாடியை இறக்கி இரண்டு பக்கமும் தேடிக்கொண்டே ஓட்டினார். கவிழ்ந்த லாரி இல்லை, போலீஸ் இல்லை, பஞ்சர் கூட இல்லை.

"என்ன அநியாயம்? ஒண்ணுமே இல்லையே!" என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

"அரை மணிக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் லேசா பிரேக்க மிதிச்சிருப்பான். அவன் பின்னாடி வந்தவன் கொஞ்சம் அழுத்தி மிதிச்சிருப்பான். அதுக்கும் பின்னாடி வந்தவன் நின்னே இருப்பான். காருங்க முன்னால போவும், நின்ன எடம் அலை மாதிரி பின்னால வரும். மிதிச்சவன் இந்நேரம் வீட்ல டீ குடிச்சிக்கினு இருப்பான்" என்றேன்.

"இதையே எத்தினி வருஷமா சொல்லிக்கினு இருப்ப?" என்றார்.

பின்னாலிருந்து கஸ்தூரி, "அக்கா, திண்டிவனம் கேட்டு ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

மாலதி என்னை எட்டிப் பார்த்து இங்கிலீஷில், "திண்டிவனத்திடம் யார், என்ன கேட்டார்கள்?" என்றாள். ரயில்வே கேட் என்று அவளுக்குப் புரியவைக்க நான் இங்கிலீஷுக்குப் போக வேண்டியிருந்தது. 'கேட்' இங்கிலீஷ் வார்த்தைதான். அதைத் தமிழ் உச்சரிப்பில் சொன்னால் என் மகளுக்குப் புரிவதில்லை. பதினோரு வருஷத்தில் நான் சம்பாதித்தவற்றில் இதுவும் ஒன்று.

2

நான் வேலை செய்யும் இடம் லண்டனுக்கு வெளியே ஒரு சாலை ஆராய்ச்சி அலுவலகம். கணவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து நாங்கள் கப்பல் ஏறி வந்த வருஷமே சேர்ந்தேன். விழுப்புரம் பக்கத்துக் கெடாரிலிருந்து சென்னைக்குப் போய்க் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவள் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொன்னதற்கு, அங்கே இருந்தவள் ஒரு தாளைக் கொடுத்து, ஏழையும் எட்டையும் பெருக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். சரியாக இருக்கிறதா என்று பக்கத்து மேஜையில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

அலுவலகத்தில் ஒரு நீள அறை. அதில் நாங்கள் ஆறு பெண்கள், ஆளுக்கொரு கைப்பிடி வைத்த கணக்கு மிஷின். அடுத்த அறையில் எங்கள் பிரிவுத் தலைவர் மிஸ்டர் பெம்பர்ட்டன். அவர் சமன்பாடு எழுதுவார், நாங்கள் கைப்பிடியைச் சுற்றுவோம்.

அந்தக் காலத்தில்தான் சாலைப் போக்குவரத்தை ஆற்று நீர் மாதிரி பாவித்துக் கணக்குப் போடலாம் என்ற யோசனை புதிதாக வந்திருந்தது. விஷயம் எளிது. சாலையில் கார் குறைவாக இருந்தால் வேகமாகப் போகும், ஆனால் மொத்தத்தில் கொஞ்சம் பேர்தான் போவார்கள். நெருக்கம் கூடக் கூட, ஒரு கட்டம் வரைக்கும் போகிறவர் தொகையும் கூடும். அந்தக் கட்டத்தைத் தாண்டினால் தொகை குறைய ஆரம்பிக்கும். இன்னும் நெருக்கினால் பூஜ்யம். தாண்டிய பிறகு ஏற்படும் சின்னத் தடங்கல் ஒவ்வொன்றும் அலையாகிப் பின்பக்கம் நகரும். வரிசையின் வால் எங்கே இருக்கும், எவ்வளவு சீக்கிரம் வளரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அழகான கணக்கு. அதை நான் குறை சொல்லவில்லை. அதைக் கையில் வைத்திருந்தவர்களைத்தான் சொல்கிறேன். பெம்பர்ட்டனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில் வருவார், கால்சராயின் அடியில் கிளிப் மாட்டியபடியே கூட்டங்களில் உட்காருவார். அவருடைய சமன்பாட்டில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த கனவான்கள். யாருக்கும் அவசரம் கிடையாது, யார் காரிலும் தாய்மாமன் கிடையாது.

3

தாய்மாமனுக்கு வருகிறேன்.

வேலையில் சேர்ந்து நாலு வருஷம் கழித்து லீவில் ஊருக்குப் போனேன். அப்பா காலமாகி இரண்டு வருஷம். அம்மாவின் தம்பி கோவிந்தசாமி மாமா எங்கள் வீட்டை 'பார்த்துக்கொண்டார்'. அதாவது எங்கள் நிலத்தில் மல்லாட்டைச் செடியை எப்போது பிடுங்குவது, கஸ்தூரி எப்போது வாசலுக்கு வருவது இரண்டையும் அவரே தீர்மானித்தார். எந்நேரமும் சலவை வேட்டி, பஞ்சாங்கம் பார்க்காமல் பல் விளக்க மாட்டார். பஞ்சாங்கம் எப்போதும் அவர் சொல்கிறபடியே நடந்துகொள்ளும்.

கஸ்தூரிக்குச் சென்னையில் மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. திங்கட்கிழமை மதியத்துக்கு மேல். இரண்டு தடவை பெயர் கூப்பிடுவார்கள், ஆள் இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அம்மா என்னிடம் தனியாக, "நீ இருக்கற வரைக்கும்தான் இவுளுக்கு வழி. எப்பிடியாவது கூட்டிக்கினு போயிடு" என்றாள். அதற்கு மேல் தம்பியை எதிர்த்து அம்மா பேசியதில்லை.

விழுப்புரத்தில் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். நாங்கள் கிளம்பி நிற்கிறோம், மாமா வாசலை மறித்துக்கொண்டார்.

"ஏழரையிலருந்து ஒம்போது ராகு காலம். நல்ல காரியத்துக்குப் போற பொண்ண நான் அனுப்ப மாட்டேன்."

"ரயிலுக்கு ராகு காலம் கெடையாது மாமா."

"சீமையில இருந்து வந்தா எல்லாம் தெரிஞ்சிடுமா? ரயில் போனா போவுது. நானே பிளஷர் ஏற்பாடு பண்றேன். நானும் கூட வர்றேன். ஜல்தியா போயிடலாம்."

ரயில் போய்விட்டது. ஒன்பது அடித்ததும் உண்மையிலேயே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மாமா முன்சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு டாக்டர் படிப்பு' என்று ஒரு வாரமாக முழங்கியவர், ஏன் இவ்வளவு சந்தோஷமாக எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ரயிலை விட்ட எரிச்சலில் யோசிக்கவில்லை. இன்னொன்றும் அப்போது கவனித்தேன்: சமையல்கட்டில் ரவை வறுக்கும் வாசனை. யாருக்கு என்று கேட்கவில்லை.

4

திண்டிவனத்தில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது.

இங்கிலாந்தில் கேட் மூடினால் ஒருவன் பின்னால் ஒருவன் நிற்பான். நம் ஊரில் பின்னால் நிற்பது அவமானம். லாரிக்குப் பக்கத்தில் பஸ், பஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு பஸ், மிச்ச இடுக்கில் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள், அதற்கும் இடுக்கில் சைக்கிள்கள். சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு எல்லாரும் கேட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் அச்சாக இதே காட்சி. கேட் தூக்கியதும் இரண்டு பக்கத்துக் கூட்டமும் முன்னால் பாய்ந்து, தண்டவாளத்தின் மேல் மூக்கோடு மூக்கு முட்டி நின்றது.

"பின்னால எட்றா!"

"நீ எட்றா! ஒனக்காவ நான் செங்கல்பட்டு வரைக்கும் ரிவர்ஸ் போவணுமா?"

பெம்பர்ட்டனின் சமன்பாட்டில் இதற்கு விடை கிடையாது. நெருக்கம் உச்சம், ஓட்டம் பூஜ்யம், அப்படியே யுகமுடிவு வரை இருக்கலாம்.

"சகுனமே சரியில்ல. ஊட்டுக்குத் திரும்பிடலாம்" என்றார் மாமா. குரலில் துளி வருத்தம் இல்லை. ஆனால் கண் மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கமே இருந்தது. "எதுக்கும் நான் அந்தாண்ட போயி பாத்துட்டு வர்றேன்" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நாங்கள் கடைசியில் வந்ததால் எங்கள் கார் வால் பக்கம் இருந்தது. வால் வளரும். இன்னும் இரண்டு பஸ் வந்து பின்னால் ஒட்டிக்கொண்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. டிரைவர் பாஷாவிடம், "வண்டிய இப்பவே திருப்பி, தள்ளி, விழுப்புரம் பாத்து நிறுத்துங்க" என்றேன்.

கஸ்தூரியின் முகம் செத்துவிட்டது. "திரும்பிப் போறமா அக்கா?"

"இல்ல. வண்டிதான் திரும்புது, நாம இல்ல. அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒரு வால் இருக்கும். அங்க இப்பத்தான் வந்து நின்ன கார் ஒண்ணு இருக்கும். அதுல இருக்கறவங்க இந்தப் பக்கம் வரணும், நாம அந்தப் பக்கம் போவணும். காருங்க நகரலன்னா ஆளுங்க நகரலாம். மாத்திக்கலாம்."

அவள் சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். மாட்டின் மூச்சு முதுகில் படப் படத் தண்டவாளத்தைத் தாண்டினோம். அந்தப் பக்கத்து வரிசையின் ஓரமாக வெயிலில் நடந்தோம். வாலும் எங்களுக்குப் போட்டியாகப் பின்னால் நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் ஒரு கறுப்புக் கார் அப்போதுதான் வந்து நின்றது போல நின்றிருந்தது. பக்கத்தில் கோவிந்தசாமி மாமா.

அவர் காருக்குள் குனிந்து கைகூப்பிக்கொண்டிருந்தார். உள்ளே பட்டும் வைரத் தோடுமாக ஒரு தடித்த அம்மாள். காருக்கு வெளியே ஒல்லியாக ஓர் இளைஞன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"பேஜாரே வாணாம்மா," என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "பொண்ணே இங்க கார்லதான் இருக்குது. மெட்ராஸ் போறோம்னு சொல்லிக் கூட்டியாந்திருக்கேன். வழியில ஒங்களப் பாத்ததும் அப்பிடியே ஊட்டுக்குத் திருப்பிடலாம்னு இருந்தேன். இப்ப கேட்டே நம்ம வேலைய முடிச்சிடுச்சி."

ராகு காலம், ரயில், ரவை எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கின. வாயைத் திறந்தேன், என்ன வார்த்தை வந்திருக்கும் என்று இன்று வரை தெரியாது. அதற்குள் கஸ்தூரி முன்னால் போய்விட்டாள்.

"வணக்கங்க. நீங்க பாக்க வந்த பொண்ணு நான்தான்."

மாமா திரும்பினார். அந்த அம்மாள் தலையை வெளியே நீட்டி, "வெயில்ல நடந்தா கறுத்துடப் போவுதே" என்றாள்.

"கறுத்துட்டுதான் இருக்கேன், நல்லா பாத்துக்கோங்க. பாத்தாச்சா? இப்ப இந்தக் கார எனக்குக் குடுங்க. மெட்ராஸ்ல எனக்கு டாக்டர் படிப்புக்கு இன்டர்வியூ. எங்க பிளஷர் கேட்டுக்கு அந்தாண்ட, விழுப்புரம் பாத்து நிக்குது. நீங்க அதுல எங்க ஊட்டுக்குப் போங்க. கேசரி ரெடியா இருக்கும். இல்லீங்களா மாமா?"

"ஏய்! யாருகிட்ட பேசறோம்னு தெரியுதா?" என்று மாமா கையை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. குறுக்கே அந்த இளைஞன் வந்திருந்தான். அவன் மாமாவைப் பார்க்கக்கூட இல்லை. கஸ்தூரியின் பையைப் பார்த்தான்.

"எத்தினி மணிக்குங்க இன்டர்வியூ?"

"மதியத்துக்கு மேல."

டிரைவரிடம், "வண்டியத் திருப்பு. இவங்கள மெட்ராஸ்ல எறக்கி வுட்டுட்டு, பொறவு வந்து எங்கள ஏத்திக்கோ" என்றான்.

"டேய்! புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்று அம்மாள் அலறினாள்.

"எறங்கும்மா. பின்னால பஸ் வருது. இப்ப திருப்பலன்னா அப்புறம் யாருமே எங்கியும் போவ முடியாது."

அவள் இறங்கினாள். சரியாகச் சொன்னால், இறக்கப்பட்டாள்.

5

அவசரத்தில் அவர்களுடைய தட்டுகளை யாரும் எடுக்கவில்லை. டிக்கியில் பூ, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் எங்களோடு சென்னைக்கு வந்தன. காலையிலிருந்து கஸ்தூரி ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தன்னைப் பெண் பார்க்கக் கொண்டுவந்த வாழைப்பழத்தை மதுராந்தகம் தாண்டும்போது தின்றாள். இரண்டாம் தடவை பெயர் கூப்பிட்டபோது போய்ச் சேர்ந்தோம். இடம் கிடைத்தது.

அம்மாளும் மகனும் மாமாவோடு எங்கள் பிளஷரில் கெடாருக்குப் போனார்கள். நடந்து களைத்த அம்மாள் கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாளாம். மாமா சளைத்தவரா? பெண் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று, தன் மகள் சரோஜாவுக்குப் புடவை கட்டி அழைத்துவந்து நிறுத்திவிட்டார். நாலைந்து மாதத்தில் திருவாமாத்தூர் கோயிலில் கல்யாணமும் நடந்தது. கஸ்தூரி டாக்டரான பிறகு, 'என் மருமவள நான்தான் பிளஷர் வெச்சி இன்டர்வியூவுக்கு அனுப்பினேன்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பொய்யென்று சொல்ல முடியாது, பிளஷர் அவர் வைத்ததுதான்.

லீவு முடிந்து திரும்பியதும், இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும் கேட்டை ஒரு கணக்காக எழுதிப் பெம்பர்ட்டனிடம் கொண்டுபோனேன். படித்துப் பார்த்துப் புன்னகை செய்தார். "இது போக்குவரத்து இல்லை, மிஸஸ் ராஜன். இது நாகரிகக் குறைவு" என்றார். பிறகு சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார். இன்று வரை யாரும் அந்தக் கணக்கைத் தொடவில்லை.

அதனால் என்ன, எனக்கு ஒரு நல்ல கதை கிடைத்தது. ஏழு வருஷமாக எங்கள் வீட்டில் விருந்துக்கு வரும் தமிழர்கள் எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். மாமாவை நடித்துக் காட்டுவேன், அம்மாளை நடித்துக் காட்டுவேன். அதிகச் சிரிப்பு மாப்பிள்ளைக்குத்தான் கிடைக்கும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தீனமான குரலில், 'எத்தினி மணிக்குங்க இன்டர்வியூ?' என்பேன். பெண் பார்க்க வந்த இடத்தில் காரைப் பறிகொடுத்துவிட்டு, வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போன அசடு. வெயில் தாங்காமல்தான் காரைக் கொடுத்தான் என்று முடிப்பேன்.

6

சனிக்கிழமை, காரில் மாலதிக்கும் அதே கதையைச் சொன்னேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். கணவர் வழக்கமான இடங்களில் சிரித்தார். மாப்பிள்ளையை நடித்துக் காட்டியபோது மாலதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கஸ்தூரி சிரிக்கவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

வழியில் தேநீர்க் கடையில் நிறுத்தினோம். கணவரும் மாலதியும் தேநீர் வாங்க வரிசையில் நிற்கப் போனார்கள். நாங்கள் இருவரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம்.

"அவரு ஒரு தடவ ஆஸ்டலுக்கு வந்தாரு அக்கா" என்றாள்.

"யாரு?"

"சரோஜா ஊட்டுக்காரரு. அப்ப கல்யாணம் ஆவல. அவரு அம்மாவும் நம்ம மாமாவும் சேர்ந்து சரோஜாவ முடிவு பண்ணிக்கினு இருக்காங்க, எனக்கு இஷ்டம் இல்லன்னாரு. 'நீங்க படிச்சி முடிக்கிற வரைக்கும் காத்துக்கினு இருக்கேன். ஒங்களுக்குச் சம்மதம்னா ஒரு வார்த்த சொல்லுங்க, அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்'னாரு. வாசல்லியே நின்னுக்கினு சொன்னாரு, உள்ள கூட வரல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சி சொல்றேன்னேன். ஒன்னக் கேக்கலாம்னு இருந்தேன். ஒன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா கேக்க? அந்த வாரமே நீ எழுதின கடுதாசி வந்துச்சி. அவரு கழுத்த தொடச்சத, பேசினத, நின்னத எல்லாம் அப்பிடியே எழுதி இருந்த. ரூம்ல இருந்த பொண்ணுங்க வாங்கிப் படிச்சிட்டு வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் எந்த மூஞ்ச வெச்சிக்கினு ஒன்னக் கேப்பேன்? அவருக்குப் பதிலே சொல்லல."

"உனக்குப் பிடிச்சிருந்துதா?"

"மாமா கைய ஓங்கினப்ப குறுக்க யாரு வந்தாங்க? நீ கூட நின்னுக்கினுதான் இருந்த."

ஏழு வருஷம் எத்தனையோ பேருக்கு நடித்துக் காட்டியதில், மாமாவின் ஓங்கிய கைக்குக் குறுக்கே அவன் வந்து நின்ற இடத்தை ஒரு தடவையும் நான் நடித்துக் காட்டியதில்லை. அதில் சிரிப்பு வராது.

கணவரும் மாலதியும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். மாலதிக்குக் கதை இன்னும் தீரவில்லை. கஸ்தூரியின் கையைப் பிடித்து இழுத்து, "அந்த வேடிக்கையான ஆளுக்கு என்ன பெயர், சித்தி?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

நான் அவனை மாப்பிள்ளை என்றும் அசடு என்றும்தான் சொல்வேன். கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் உச்சரித்ததில்லை.

"தணிகாசலம்" என்றாள் கஸ்தூரி.

மாலதிக்கு அது வாயில் நுழையவில்லை. கஸ்தூரி பொறுமையாக, ஒவ்வோர் எழுத்தாக, அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.